மழை விட்டுவிட்டு வருகிறது, ஒவ்வொரு தடவையும் லயத்தை விட்டு வெளியேறச் சொல்கிறார்கள்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பசறைத் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நாங்கள் இருக்கிற லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னாலேயே மலை ஏறுகிறது, அடுப்படிச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுதான் இடம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் டிவிசனில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் மேலே இருந்த தேயிலை மலையில் ஒரு துண்டு அப்படியே இறங்கி வந்து ரோட்டில் கிடந்தது. செடியெல்லாம் நின்றபடியே இருந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது.

அதற்குப் பிறகும் மழை விட்டபாடில்லை. நான்கு நாள் வெயில் காட்டும், நனைந்த துணி காய்ந்து மடித்து வைப்பதற்குள் மறுபடி இருட்டிக்கொண்டு வந்துவிடும். இதுவரைக்கும் மூன்று தடவை கிராம சேவகர் வந்து வெளியேறச் சொல்லிவிட்டார். முதல் தடவை லயத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஐந்து நாள் சிமெந்துத் தரையில் படுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை, திரும்பி வந்தோம். இரண்டாவது தடவை ஏழு குடும்பம்தான் வந்தது, அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழி நான்கையும் காணோம், விறகெல்லாம் நனைந்து கிடந்தது, சின்னவனுக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது தடவை நாங்களும் பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து வீட்டு, அக்கா குடும்பமும் மட்டும்தான் போனோம்.

வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. நான் கொழுந்து எடுக்கிறேன். பேர் விழாத, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதியாத, நாளுக்குச் சம்பளம் இல்லை. மாமியாருக்கு 71 வயது, போன தடவையே வரமாட்டேன் என்று இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்துவிட்டார், "செத்தாலும் இங்கேயே சாகிறேன், நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ" என்கிறார். வயதானவரைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? லயத்தில் மற்றவர்களும் "சும்மா சும்மா பயம் காட்டுகிறார்கள்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கே சில நேரம் அப்படித் தோன்றிவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

இந்த மாதிரி மழைக்காலத்தைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் போகத்தான் வேண்டுமா? போவதென்றால் பிள்ளைகளையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?

கொஸ்லந்தை:

தங்கச்சி, போகத்தான் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

நான் இருப்பது மீரியபெத்தைக்குப் பக்கத்தில். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது வேலைக்கும் பள்ளிக்கும் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. சில பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்ன பிறகு எத்தனையோ மழை வந்து போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை, போய் இருப்பதற்கு நிரந்தரமாக ஒரு இடமும் கிடைக்கவில்லை, அதனால் சனம் அங்கேயே இருந்தது. இப்போது உங்கள் லயத்தில் பேசுகிற அதே பேச்சைத்தான் அங்கேயும் பேசினார்கள்.

மூன்று தடவை போய் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எச்சரிக்கை பொய் என்று ஆகிவிடாது. மலை இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சுவரில், தரையில், மேட்டில் புதிதாக வெடிப்பு இருக்கிறதா? கதவு, ஜன்னல் முன்பு சரியாக மூடி இப்போது இறுகுகிறதா? பீலிக் குழாயில் வருகிற மலைத் தண்ணீர் மழை இல்லாத நேரத்திலும் கலங்கி வருகிறதா, அல்லது ஊற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கசிகிறதா? லைட் போஸ்ட், மரம் ஏதாவது சாய்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கிராம சேவகர் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். 117க்கு எடுத்துச் சொல்லுங்கள், இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:

மகள், நான் 34 வருடம் தோட்டத்தில் இருந்தவன், அதில் நிறைய வருடம் ஆபீஸ் முற்றத்தில் இருக்கிற மழைமானியைக் காலையில் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அதனால் இந்த விசயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எல்லாரும் இன்றைக்குப் பெய்கிற மழையைத்தான் பார்க்கிறார்கள். மலையோ போன வாரம் பெய்ததையும் சேர்த்து வைத்திருக்கிறது. கொழுந்துக்குப் போகும்போது தலையில் போடுகிற கம்பளியை நினைத்துப் பாருங்கள். காய்ந்த கம்பளி முதல் மழையைக் குடித்துக்கொள்ளும், உள்ளே உடம்பு நனையாது. ஒரு தடவை நன்றாக ஊறிவிட்டால் அப்புறம் தூறல் விழுந்தாலே உள்ளே சொட்டும், கம்பளியும் கழுத்தை அமுக்குகிற பாரமாகிவிடும். மண்ணும் அப்படித்தான். தண்ணீர் ஏற ஏறப் பாரம் கூடும், மண்ணுக்கு மண் பிடித்திருக்கிற பிடியும் தளரும். ஆகவே முதல் தடவை 200 மில்லிமீட்டருக்கு அசையாத மலை நான்காவது தடவை அதில் பாதிக்கே இறங்கலாம். நீங்கள் மூன்று தடவை போய் வந்துவிட்டீர்கள் என்பதால் நான்காவது தடவை பயம் குறைய வேண்டிய காரணம் எதுவும் இல்லை, கூடத்தான் வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கு இதை இப்படியே சொல்லுங்கள்.

அந்த மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை அறிவிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வரும், மழையோ ஒரு மலைக்குக் கொட்டி அடுத்த மலைக்குத் தூறிவிட்டுப் போகும். அதனால் நீங்களே அளந்து பார்ப்பது நல்லது, காசு செலவில்லை. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற டின் ஒன்று எடுங்கள், மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில், தரையில் தெறிக்கிற தண்ணீர் உள்ளே விழாதபடி ஒரு கம்பின்மேல் கட்டி நிறுத்துங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பிள்ளையின் அடிமட்டத்தை, அளவுகோலை, உள்ளே விட்டுப் பாருங்கள். தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அத்தனை மில்லிமீட்டர் மழை. பார்த்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். மூத்தபிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அடைமழை நேரத்தில் மட்டும் அடிக்கடி பாருங்கள்.

இன்னொன்று. மழை விட்டவுடன் எல்லாரும் திரும்பி ஓடி வருகிறார்கள். அது கூடாது, மழை ஓய்ந்த பிறகும் மேலே இறங்கின தண்ணீர் உள்ளுக்குள் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். வரச் சொன்ன பிறகு வாருங்கள். அப்புறம் வெயில் காட்டுகிற அந்த நான்கு நாளில் லயத்துக்கு மேலே இருக்கிற தண்ணீர்க் கானை, வாய்க்காலை, வெட்டித் துப்புரவாக்குங்கள், தண்ணீர் தேங்காமல் ஓட வழி செய்யுங்கள். மேட்டில் வெடிப்பு இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி களிமண் போட்டு அடைத்துப் பொலித்தீன் விரியுங்கள். மண்ணை வெட்டிச் சுவருக்குப் பின்னால் இடத்தை அகலமாக்குகிறேன் என்று மட்டும் யாரையும் விடாதீர்கள், மலையின் காலை வெட்டுகிற வேலை அது.

வட்டவளை:

சொல்வதெல்லாம் சரிதான் ஐயா. ஆனால் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் ஐந்து நாள் பேர் விழாது, சம்பளம் போகும். வீட்டில் நகை இல்லை என்றாலும் காஸ் சிலிண்டர், டிவி, அரிசி என்று ஏதோ இருக்கிறது, அதைப் பூட்டிவிட்டு வந்தால் பூட்டை உடைக்கிறான். எங்கள் பக்கம் இந்தத் தொல்லையினால்தான் ஆட்கள் போக மறுக்கிறார்கள், புத்தி இல்லாமல் இல்லை.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். லயத்தில் எல்லாரும் கூடிப் பேசி, ராத்திரிக்கு மட்டும் முழுச் சனமும் கோயில் மண்டபத்துக்குப் போவது, விடிந்து மழை குறைவாக இருந்தால் வேலைக்குப் போகிறவர்கள் அங்கிருந்தே போவது, பகலில் இரண்டு பேர் மாறி மாறி லயத்தைப் பார்த்துவருவது என்று முடிவெடுத்தோம். சிவப்பு அறிவித்தால் இந்த ஏற்பாடு இல்லை, பகலிலும் யாரும் லயத்துக்குப் போகக்கூடாது. ராத்திரியில் மலை இறங்கினால் தூக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும், பகல் என்றால் சத்தம் கேட்டாவது ஓடலாம். அதனால் எங்களுக்கு முதல் சட்டம், இருட்டுவதற்குள் லயத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மழையில் கிழவிகளைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் படியில் இறங்குகிற கொடுமையை ஒரு தடவை பட்டாகிவிட்டது.

தோட்டத்து நிர்வாகத்திடம் எல்லாரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். தனியாகப் போனால் காது கேட்காது.

நோர்வூட் மகள், மொன்றியல்:

நான் பிறந்து வளர்ந்தது நோர்வூட்டில், இப்போது கனடாவில் மொன்றியலில் 11 வருடமாக இருக்கிறேன். எங்களுக்கு மண்சரிவு இல்லை, பனிப்புயல். தங்கச்சி எழுதியதை வாசித்தபோது 2025 பெப்ரவரிதான் ஞாபகம் வந்தது. 13ஆம் திகதி ஒரு புயல், 16ஆம் திகதி இன்னொன்று, நான்கு நாளுக்குள் 70 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டியது. முதல் பனியை அள்ளி முடிப்பதற்குள் இரண்டாவது வந்து விழுந்தது, அள்ளியதைக் கொட்ட இடம் இல்லை, நடைபாதை எது ரோடு எது என்று தெரியவில்லை. ஐயா சொன்ன கம்பளிக் கணக்கு அப்படியே இங்கே கூரைக்குப் பொருந்தும். முதல் பனி இறங்காமல் இருக்க, மேலே இன்னொன்று ஏறும், பாரம் கூடிக்கொண்டே போகும். வீட்டுக்குள் கதவு இறுகினால், சுவரில் புது வெடிப்பு கண்டால் கூரையில் பாரம் கூடிவிட்டது, வெளியேறு என்று இங்கேயும் சொல்கிறார்கள். கொஸ்லந்தை அண்ணன் கதவைப் பற்றிக் கேட்டதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இங்கே நான் பழகிக்கொண்ட ஒரு விசயம், தயாராவது என்பதைப் புயல் வருகிற அன்றைக்குச் செய்வதில்லை. மூன்று நாளுக்குத் தேவையானது எப்போதும் வீட்டில் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது. குளிர்காலம் தொடங்கும்போது ஒரு பையைக் கட்டிக் கதவோரம் வைப்பேன், பனி முடியும்வரை அதைப் பிரிப்பதில்லை. எடுத்ததை எடுத்த அன்றே திரும்ப வைத்துவிடுவேன். தங்கச்சி, உங்களுக்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடிக் கட்டினால்தான் போவது பெரும்பாடாக இருக்கும், நான்காவது தடவை கால் நகராது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஈபிஎஃப் (சேமலாப நிதி) கடிதம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். சின்னவனுக்கு இழுப்பு மருந்து, மாமியாரின் மாத்திரை, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, டோர்ச், பிஸ்கட், ஒரு போத்தல் தண்ணீர். சிமெந்துத் தரைக்கு உரச்சாக்கை விரித்து மேலே பாய் போட்டால் குளிர் நேரே ஏறாது. அம்மா அப்படித்தான் செய்வார்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். குளிருக்காக மூடின அறைக்குள் கரி நெருப்புத் தட்டு வைக்க வேண்டாம், பள்ளிக்கூடத்திலும் சரி, லயத்திலும் சரி. 1998 ஜனவரியில் இங்கே உறைமழை பெய்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் இல்லாமல் போனபோது உள்ளே நெருப்பு மூட்டி, அந்தப் புகையில் செத்தவர்களும் உண்டு. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். பனிப்புயலில் காரின் புகைக்குழாய் பனியில் அடைபட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் செத்துப்போன சம்பவங்களும் இதே வாயுவினால்தான்.

மாமியாரிடம் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று ஆறுதலாக உட்கார்ந்து கேட்டீர்களா? எங்கள் அப்பாயி ஒரு தடவை இப்படித்தான் அடம்பிடித்தார். கடைசியில் பார்த்தால் காரணம் வேறு.

பசறைத் தங்கச்சி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக வாசித்தேன், இரண்டு தடவை வாசித்தேன்.

கொஸ்லந்தை அண்ணனுக்கு: கதவு இறுகவில்லை. ஆனால் டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், பின்மேட்டில் என் கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது, முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. 117க்கு எடுத்துச் சொல்லிவிட்டேன், கிராம சேவகருக்கும் படம் அனுப்பினேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

மொன்றியல் அக்கா சொன்னபடி மாமியாரிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கால் பிடித்துவிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டபோது சொன்னார். பள்ளிக்கூடத்துக் கக்கூசு கீழே 22 படி இறங்கிப் போக வேண்டும், வெளிச்சம் இல்லை, முழங்கால் வலியில் ராத்திரியில் அவரால் இறங்க முடியவில்லை, யாரையும் எழுப்ப வெட்கப்பட்டுக்கொண்டு முதல் தடவை ஐந்து நாளும் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அழுதுவிட்டேன்.

பழைய கணக்கப்பிள்ளை:

அழ வேண்டாம் மகள். வயதான பெண்கள் வெளியே சொல்லமாட்டார்கள். கிட்டத்தில் மேட்டிலிருந்து விலகி, கக்கூசு பக்கத்தில் இருக்கிற இடம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பரா, டிஸ்பென்சரிக் கட்டடம் மாதிரி. இல்லாவிட்டால் ஒரு மூடி போட்ட வாளி போதும், ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்துக் கொடுங்கள். அட்டன் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவரை இந்த மாதத்துக்கு அங்கே அனுப்பலாம். அங்கே பெரிய மழை மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும், உங்கள் ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபருக்குப் பிறகுதான் பலம். அந்தக் காலத்தில் சம்பந்திகள் ஒருவர் வீட்டில் ஒருவர் இப்படி மாறி மாறித் தங்குவதுண்டு. போகிற ரோட்டை மட்டும் விசாரித்துக்கொண்டு அனுப்புங்கள்.

கொஸ்லந்தை:

கை நீள வெடிப்பு என்றால் இரண்டு பக்கமும் சின்ன முளை அடித்து இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்து வையுங்கள். பகலில், மழை இல்லாதபோது மட்டும் போய்ப் பாருங்கள். தூரம் கூடினால் அந்த நிமிசமே எல்லாரும் கிளம்ப வேண்டும். விறகுக்கு, கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, கிடைத்தால் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அடுக்கிவிடுங்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்தாலும் காய்ந்த விறகு இருக்கும். அது ஒன்று இருந்தாலே வந்தவுடன் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர் வைக்கலாம்.

பசறைத் தங்கச்சி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்ன கம்பளிக் கணக்கைக் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டில் வைத்துச் சொன்னேன், கம்பளி போட்டு நனைந்தவர்கள்தானே எல்லாரும், ஒரு வார்த்தையில் புரிந்துவிட்டது. பிள்ளைக் காம்பராவை ராத்திரிக்குத் திறந்துவிடச் சொல்லி ஒன்பது குடும்பம் சேர்ந்து போய்க் கேட்டோம், சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கக்கூசு வாசலோடு இருக்கிறது, படி இல்லை. மாமியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து தன் வெற்றிலைப் பெட்டியைத் தானே பையில் வைத்தார்.

மூத்தவள் பால்மா டின்னில் மழை அளக்கிறாள். நேற்றுக் காலை 18. இன்று காலை 64. இப்போது பின்னேரம் நான்கு மணி, காலையில் டின்னைக் கவிழ்த்துக் காலியாக்கிய பிறகு அதில் மறுபடி 41 நிற்கிறது, மலை தெரியவில்லை, முகில் லயம்வரை இறங்கிவிட்டது. இன்னும் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா குடையோடு வாசலில் நிற்கிறார், நாங்கள் கிளம்புகிறோம்.